கணிப்பொறி அணைந்தும் திரை அணையவில்லையா?

இரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது தண்டவாளமே இல்லாத இந்தத் தீவில் மகள் வீட்டோடு இருக்கிறேன். மின்சாரம் தெரிந்தவர் என்று மிக்சி முதல் கணிப்பொறி வரை அக்கம்பக்கத்தில் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அம்மையார், "ஐயா, ஷட் டவுன் கொடுத்தாலும் மானிட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது. தினமும் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் படுக்கிறேன்" என்றார். எனக்குப் பகீரென்றது.

பழைய பெட்டிகள் பலவற்றில் மானிட்டரின் செருகி பெட்டியின் பின்புறத்திலேயே இருக்கும்; ஒரே சுவிட்சில் இரண்டும் அணைந்துவிடும். 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். அமைப்பைக் கொண்டுவந்த பின் அணைக்கும் பொறுப்பு மென்பொருளுக்குப் போயிற்று. மானிட்டர் தனி மின்சாரத்தில் நிற்கிறது. கணிப்பொறியிலிருந்து சிக்னல் வருவது நின்றால், தானாகவே உறங்க வேண்டும் என்பது அதன் விதி. எங்கள் டிராக் சர்க்யூட்டும் இப்படித்தான்: தண்டவாளத்தில் மின்னோட்டம் நின்றால் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். அங்கே ஒன்றும் வராமல் இருப்பதே ஒரு செய்தி.

ஆகவே திரை உறங்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று. சிக்னல் இன்னும் வருகிறது, அல்லது மானிட்டர் அதை மதிக்கவில்லை. திரைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள வயரைக் கழற்றிப் பாருங்கள். 'நோ சிக்னல்' என்று சில விநாடி காட்டிவிட்டு இருண்டால் மானிட்டர் நல்லது. ஓரத்தில் சின்ன மஞ்சள் விளக்கு எரிவது கோளாறு அல்ல, அது உறக்கம்தான். வயரை எடுத்த பிறகும் வெளிச்சம் நிற்காவிட்டால், செட் டாப் பாக்ஸ் போல வேறு ஏதேனும் அதில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மானிட்டரின் பொத்தானில் வரும் மெனுவில் மின்சேமிப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் பழுது மானிட்டருக்குள் இருக்கிறது. மூடியைத் திறக்க வேண்டாம். 230 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் உள்ளே 325 வோல்ட் வரை நிற்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் கொஞ்ச நேரம் அது போகாது.

நம் ஊர் உப்புக் காற்றில் வயரின் முனையில் பச்சை பூத்துவிடுவதும் உண்டு. அதையும் ஒரு கண் பாருங்கள்.

அம்மையார் வீட்டில் வயரை எடுத்ததும் திரை இருண்டது. அப்படியானால் பெட்டிதான் அணையவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். பெட்டிக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

விண்டோஸ் 8 (2012) முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி உண்டு. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக, அணையும்போது நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைக்கும். சில கணிப்பொறிகளில் ஏதாவது ஒரு டிரைவர் ஒத்துழைக்காமல் அந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தேன், முழுக்க அணைந்தது. பிறகு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பட்டன்களுக்கான பக்கத்தில் அந்த வசதியின் 'டிக்'கை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தொல்லை இல்லை.

ஆனால் அதற்கு முன் எத்தனை இரவுகள் வட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைத் தட்டியிருந்தாரோ! 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அவர்கள் வீட்டுப் புகைப்படங்கள் எல்லாம் போய்விட்டன. ஊரில் உறவினரிடம் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து வைத்திருந்தது அந்த வட்டில்தான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். நான்கு படங்கள் திறக்கவே இல்லை. அதில் ஒன்று அவர் மாமியாருடையது. மற்றவற்றை அன்றே இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றைச் சென்னையில் படிக்கும் மகளுக்கு அனுப்பினோம். அந்த நான்கையும் ஊரில் மறுபடி தேடித் தரச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார்.