முகம் காட்டாத நாயகி

கேள்வி: பின்னணி இசை ஓயாமல் ஒலித்தால்தான் படத்தில் உணர்ச்சி வருமா?
- வாசகர், கொல்லயில், பாறசாலை

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. திருவனந்தபுரம் மத்திய சிறையில் மலையாள எழுத்தாளர் பஷீர் அடைபட்டிருந்த நாட்களைச் சொல்லும் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'மதிலுகள்' (1990) பாருங்கள். பஷீராக நடிக்கும் மம்மூட்டி மதிலுக்கு இந்தப் பக்கம், பெண்கள் சிறை அந்தப் பக்கம். நாயகி நாராயணி கடைசிவரை திரைக்கு வருவதே இல்லை, கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். அந்தக் குரலில் குறும்பு, கெஞ்சல், பொய்க்கோபம் எல்லாம் உண்டு. தான் வந்துவிட்டதைச் சொல்ல அவள் காய்ந்த சுள்ளி ஒன்றை மேலே வீசுவாள். மதிலுக்கு மேல் அது எழும்பும்போது நமக்கே நெஞ்சு படபடக்கும். லலிதாவின் குரல் ஊரறிந்தது, முகம் நினைவுக்கு வந்துவிடுகிறதே என்பார்கள். எனக்கு அது இடைஞ்சலாக இல்லை.

அதே அடூரின் 'கொடியேற்ற'த்தில் பின்னணி இசையே கிடையாது. திருவிழா மேளம், லாரி இரைச்சல் என்று ஊரின் சத்தங்களே நாயகன் பரத் கோபிக்குத் துணை.

இசை வேண்டாம் என்று சொல்லவில்லை. இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவன் அப்படிச் சொல்வேனா? ஆனால் கதாபாத்திரம் அழுவதற்கு முன்பே வயலின் அழ ஆரம்பித்துவிட்டால், நடிகருக்கு அங்கே என்ன வேலை?