இரைப்பைக்கு ஒரு மதகு

ஏரிப் பாசனம் நடக்கும் ஊர்களில் வாழும் உங்களுக்கு மதகைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏரியில் நீர் தளும்பி நின்றாலும், மதகு எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு நீர்தான் கால்வாயில் இறங்கும். நாற்று நட்ட வயலுக்கு ஓர் அளவு; கதிர் முற்றும் வயலுக்கு வேறோர் அளவு. ஒரே அளவில் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. இதை உத்திரமேரூர் மக்கள் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலைப் பற்றிக் கூறுகின்றன அல்லவா? அவற்றில் 'ஏரி வாரியம்' என்ற குழுவும் வருகிறது. ஏரியைக் கவனித்துக்கொள்ளத் தனியாக ஒரு குழு!

மனிதனின் இரைப்பைக்கும் இப்படி ஒரு மதகு அமைக்கலாம். அதைத் தேவைக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் செய்யலாம் என்றால் நம்புவீர்களா? 'சரிசெய்யக்கூடிய இரைப்பைப் பட்டை' என்று அதற்குப் பெயர். மருத்துவர்கள் செய்த கருவிதான். ஆனால் அது வேலை செய்வது நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல் விதிகளைக் கொண்டே. அதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

யாருக்கு இந்தப் பட்டை?

ஒருவருடைய உடல் எடை உயரத்துக்கு ஏற்றதா என்று அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. எடையைக் கிலோகிராமில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கத்தால் எடையை வகுங்கள். கிடைக்கும் எண்ணுக்கு 'உடல் நிறைக் குறியீட்டெண்' என்று பெயர். உயரம் 1.6 மீட்டர், எடை 96 கிலோ என்று கொள்வோம். 1.6-இன் வர்க்கம் 2.56. 96-ஐ 2.56-ஆல் வகுத்தால் 37.5 வருகிறது.

இந்தியர்களுக்கு இந்த எண் 23-ஐத் தாண்டினாலே எடை மிகுதி என்று 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வகுத்தனர். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் பலன் தராத நிலையில், 37.5-க்கு மேல் இருப்பவர்களுக்கும், நீரிழிவு போன்ற நோயோடு 32.5-க்கு மேல் இருப்பவர்களுக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்றும் அவர்கள் கூறினர். வளர்ந்த மனிதர்களுக்கான அளவுகள் இவை. வளரும் பருவத்தில் உள்ள உங்களுக்கு இவை பொருந்தா. ஆகவே வகுப்பில் ஒருவரை ஒருவர் இந்த எண்ணால் அளந்து பார்க்க வேண்டாம்!

இது நகரத்துச் செல்வர்களின் பிரச்சினை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு இந்த எண் 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. ஆண்களில் 37 பேர். உங்கள் தெருவிலேயே இப்படிப் பலர் இருப்பார்கள். மிகுந்த பருமன் சோம்பலால் மட்டும் வருவதன்று. பரம்பரை, சுரப்புகள், உணவு, தூக்கம், வாழும் சூழல் எல்லாம் அதில் பங்கு கொள்கின்றன. எடை குறையத் தொடங்கியதும் உடலே பசியைக் கூட்டி எதிர்த்து நிற்கிறது. அதனால்தான் மன உறுதி மிக்கவர்களும் தோற்றுப்போகிறார்கள்.

பட்டையின் அமைப்பு

நம் இரைப்பை ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் உணவு கொள்ளக்கூடிய பை. உணவுக்குழல் அதன் மேற்பக்கத்தில் வந்து சேர்கிறது. அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, இரைப்பையின் கழுத்தைச் சுற்றி, சிலிக்கோன் ரப்பரால் ஆன ஒரு வளையத்தைப் பூட்டுகிறார்கள். வளையத்துக்கு மேலே 15 முதல் 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் ஒரு சிறு அறை உண்டாகிறது. இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளையத்தின் உட்புறம் சைக்கிள் டியூபைப் போல உள்ளீடற்றது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்து வைத்திருக்கும் ஒரு சிறு கிண்ணத்தில் முடிகிறது. கிண்ணத்தின் மூடி தடித்த சிலிக்கோன் சவ்வு. மருத்துவர் தோலின் வழியாக ஊசியால் அந்தச் சவ்வைக் குத்தி, உப்பு நீரை உள்ளே செலுத்துகிறார். டியூப் உப்புகிறது, வளையம் இறுகுகிறது. நீரை உறிஞ்சி எடுத்தால் வளையம் தளர்கிறது. மீண்டும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும்போது கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்களே, அதன் தம்பி என்று இதைச் சொல்லலாம். அங்கே காற்று, இங்கே உப்பு நீர்.

ஏன் காற்று கூடாது?

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கல் விதி. தோலுக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் செலுத்தும் நீர், பல அங்குலம் தள்ளியுள்ள வளையத்தைச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்துவது இவ்விதியால்தான்.

காற்றும் அழுத்தத்தைப் பரப்பும். ஆனால் காற்று எளிதில் சுருங்கும், விரியும். பாயில் விதி நினைவிருக்கிறதா? அழுத்தத்தை இரட்டித்தால் காற்றின் பருமன் பாதியாகிவிடும். அப்படிச் சுருங்கி விரியும் பொருளைக் கொண்டு துல்லியமாக அளந்து இறுக்க முடியாது. மேலும், சிலிக்கோன் ரப்பரின் வழியே வாயுக்கள் மெல்லக் கசிந்து வெளியேறும். எனவே, பட்டையைப் பொருத்தும்போதே அதிலுள்ள காற்றுக் குமிழிகளை வெளியேற்றி விடுகிறார்கள்.

சரி, வெறும் நீர் போதாதா? லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைந்த நீர், நம் இரத்தத்தின் உப்புச் செறிவுக்கு ஏறத்தாழ ஒத்தது. எங்கேனும் கசிந்தாலும் உடலுக்குத் தீங்கு செய்யாது.

ஊசியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சாதாரண ஊசி, சவ்விலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துவிடக்கூடும். அந்தத் துளை பிறகு ஒழுகும். இதற்கென உள்ள ஊசியின் முனை வளைந்தது. அது சவ்வை வெட்டாமல் விலக்கிக்கொண்டு நுழைகிறது. ஊசியை எடுத்ததும் ரப்பர் தானே மூடிக்கொள்கிறது.

சிறிய மாற்றம், பெரிய விளைவு

மருத்துவர் ஒரு முறைக்குச் சில மில்லிலிட்டர், சில சமயம் அரை மில்லிலிட்டர்தான் கூட்டுவார். இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று தோன்றும். குழாயில் ஓடும் திரவத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது பாய்சூய் கண்ட விதி. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 0.9-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். விடை 0.656. அதாவது ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்! ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். மென்ற உணவு தெளிந்த திரவமன்று. அதை உணவுக்குழலின் தசைகளும் தள்ளுகின்றன. எனவே இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும், மதகைக் கைப்பிடியளவு திருப்புவதற்கும் நூலளவு திருப்புவதற்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்கும்.

போதும் என்று சொல்வது யார்?

பட்டை உணவைத் தடுத்து நிறுத்துவதால்தான் எடை குறைகிறது என்று முதலில் எண்ணினார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஓபிரையனும் அவருடைய குழுவினரும் அழுத்தத்தை அளந்து பார்த்தபோது வேறொரு செய்தி கிடைத்தது. சரியாக இறுக்கிய பட்டை இரைப்பையின் மீது 25 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தத்தைத் தருகிறது. 25 மி.மீ. பாதரசம் என்பது 34 செ.மீ. உயரமுள்ள நீர்த்தம்பத்துக்குச் சமம். உங்கள் அளவுகோலைவிடச் சற்றே உயரம். இந்த மெல்லிய அழுத்தம் அங்குள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அவை 'வயிறு நிறைந்தது' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரு சிறு கவளத்தை உணவுக்குழலின் தசைகள் பல முறை அழுத்தி, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பட்டையைக் கடக்கச் செய்கின்றன. அடுத்தடுத்து ஒவ்வொரு கவளமும் அந்த நரம்புகளைத் தட்டிச் செல்கிறது. அதனால் கொஞ்ச உணவிலேயே பசி அடங்கிவிடுகிறது.

பட்டையோடு வாழ்தல்

இனி, பட்டை அணிந்தவரின் அன்றாட வாழ்வைப் பாருங்கள். கவளம் சிறியதாக இருக்க வேண்டும். நன்றாக மெல்ல வேண்டும். விழுங்கியபின் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பரோட்டா, நார் நிறைந்த இறைச்சி, உருண்டையாக ஒட்டிக்கொள்ளும் குழைந்த சாதம் ஆகியவை சிக்கிக்கொள்ளக்கூடும். சிக்கினால் நெஞ்சு வலிக்கும். வாயில் எச்சில் ஊறும். உண்டது திரும்பி வரும்.

ஆனால் கரும்புச்சாறு, பாயசம், ஐஸ்கிரீம் ஆகியவை தடையின்றி வழுக்கி இறங்கிவிடும். பட்டைக்குக் கலோரி கணக்குத் தெரியாது! ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல். வாரத்துக்கு அரைக் கிலோ குறைய, நாளொன்றுக்கு 550 கிலோகலோரி குறைத்து உண்ண வேண்டும். பட்டை பசியைத் தணித்து உதவும். எதை உண்பது என்று முடிவு செய்வது மனிதர்தான். புரதமும் வைட்டமின்களும் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. மருத்துவரிடம் அடிக்கடி சென்று, மதகைத் திருத்துவதுபோலப் பட்டையைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பெண் கருவுற்றால், குழந்தைக்குப் போதிய ஊட்டம் கிடைக்கும்பொருட்டு நீரை எடுத்துப் பட்டையைத் தளர்த்துவதும் உண்டு.

வந்த கதையும் தேய்ந்த கதையும்

முதலில் வந்த பட்டைகளைப் பூட்டிய பின் மாற்ற முடியாது. சிலருக்கு இறுக்கம், சிலருக்குத் தளர்ச்சி. நீரால் திருத்தக்கூடிய பட்டையை 1980-களின் நடுவில் சுவீடனில் ஹால்பெர்க், ஃபோர்செல் ஆகியோரும், அமெரிக்காவில் லுபோமிர் குஸ்மாக்கும் தனித்தனியே உருவாக்கினர். 1993-இல், எத்தியோப்பியாவில் பிறந்த மிட்டிகு பெலாச்சு என்ற மருத்துவர், பெல்ஜியத்தின் ஊயி நகரில், வயிற்றை அகலமாகக் கிழிக்காமல் சிறு துளைகளின் வழியே இதைப் பொருத்திக் காட்டினார். 2001-இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் தந்தது.

2008-இல் ஓபிரையன் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. பருமனும் அண்மையில் தோன்றிய நீரிழிவும் உடைய 60 பேரை இரு பிரிவாக்கினர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பட்டை பொருத்திய 30 பேரில் 22 பேருக்கு நீரிழிவு தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற 30 பேரில் 4 பேருக்கே தணிந்தது.

பின் ஏன் இப்போது இதைப் பற்றி அதிகம் கேள்விப்படுவதில்லை? ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகள் தெரிந்தன. பட்டை இடம் நழுவியது, இரைப்பைச் சுவரை அரித்தது, குழாய் கசிந்தது, மேல் அறை விரிந்தது. பலருக்குப் பட்டையை எடுத்துவிட நேர்ந்தது. அமெரிக்காவில் 2011-இல் எடைகுறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒரு பங்கு பட்டையாக இருந்தது. 2019-இல் நூற்றில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை முறை முன்னுக்கு வந்துவிட்டது. பசியைக் குறைக்கும் புதிய மருந்துகளும் வந்துள்ளன. ஆனாலும் பட்டையோடு வாழ்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

கல்யாணப் பந்தியில் உங்கள் அத்தையோ பெரியப்பாவோ இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால், "இன்னும் ஒரு கவளம், எனக்காக" என்று வற்புறுத்துவது நம் ஊர் வழக்கம். அது அன்புதான். ஆனால் இரைப்பையில் பட்டை உள்ளவருக்கு அந்த ஒரு கவளம் இரவு முழுவதும் வேதனை தரலாம். போதும் என்று ஒருவர் சொன்னால், அது போதும். எடையைச் சொல்லி ஒருவரைக் கேலி செய்வதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். பட்டை அணிந்தவருக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூட இறங்காமல் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வயிற்றில் கடும் வலி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, "இவருக்கு இரைப்பைப் பட்டை இருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும். விவரம் அறிந்த மருத்துவர் உரிய ஊசியால் நீரை உறிஞ்சி, சில நிமிடங்களில் பட்டையைத் தளர்த்திவிடுவார். வெள்ளம் வந்த இரவில் மதகைத் திறக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பதைப் போன்றது, இச்செய்தியை நீங்கள் அறிந்திருப்பது.

செய்து பாருங்கள்

மருந்துக் கடையில் ஊசி இல்லாத புதிய 10 மி.லி. பீச்சுக்குழல் ஒன்று வாங்குங்கள். காற்றை நிரப்பி, முனையை விரலால் அடைத்துத் தண்டை அழுத்துங்கள். எவ்வளவு தூரம் இறங்குகிறது? இப்போது குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, மீண்டும் அழுத்துங்கள். வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு புனலில் மோரையும், அடுத்துக் குழைந்த சாதத்தையும் ஊற்றிப் பாருங்கள். எது தங்குகிறது?

சிந்தியுங்கள்

1. ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் எத்தனை பங்காகும்?
2. 30 மி.மீ. பாதரச அழுத்தம் எத்தனை செ.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமம்? பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல் 13.6 மடங்கு.
3. பட்டைக்குள் ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டது. அதை அணிந்தவர் உயரமான மலைக்குப் போனால் பட்டை இறுகுமா, தளருமா? ஏன்?