பட்ஜெட் புத்தகம் படிக்கும் மருமகனுக்கு

விஸ்வநத்தம்

அன்புள்ள மருமகனுக்கு,

சட்டசபை அங்கத்தினர் ஒருவரிடம் உதவியாளனாக அமர்ந்து, சுற்றுச்சூழல் மானியக் கோரிக்கையின்மீது அவர் நிகழ்த்தவேண்டிய பிரசங்கத்தைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பதாக எழுதியிருந்தாய். கந்தக வாசனையில் வளர்ந்த பிள்ளைக்கு ஏற்ற உத்தியோகந்தான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். ஆனால் கடிதத்தின் கடைசியில், பேச்சுக்கு அலங்காரமாகச் சில மேற்கோள்கள் அனுப்பும்படி கேட்டிருக்கிறாயே, அது மட்டும் எனக்கு அவ்வளவு ரசிக்கவில்லை.

ஐம்பதுக்கு மேற்பட்ட மானியக் கோரிக்கைகளைச் சில வாரங்களுக்குள் முடிக்கவேண்டிய நமது தமிழ்நாட்டுச் சட்டசபையில், சுற்றுச்சூழலுக்குரிய 15-ஆம் எண் கோரிக்கையும் வனத்துக்குரிய 54-ஆம் எண் கோரிக்கையும் பெரும்பாலும் ஒரே நாளில் விவாதத்துக்கு வந்து, மந்திரியின் பதிலுரையோடும் புதிய அறிவிப்புகளோடும் அன்று மாலைக்குள் நிறைவேறிவிடுகின்றன. அரசியல் சாசனத்தின் 203-ஆம் பிரிவு கோரிக்கையை ஏற்கவும் மறுக்கவும் குறைக்கவும் சபைக்கு அதிகாரம் தந்திருந்தபோதிலும், ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை உள்ள சபையில் வெட்டுத் தீர்மானம் வென்றதாக நீ எங்கே கேட்டிருக்கப் போகிறாய்? கேரளத்தில் 1980 முதல் பொருள்வாரிக் குழுக்களும், பாராளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்களும் கோரிக்கைகளைச் சாவகாசமாக ஆராய்கின்றன. அந்த ஏற்பாடு இங்கே இல்லை. ஆகவே உன் அங்கத்தினருக்குக் கிடைக்கும் சில நிமிஷங்களில் கைதட்டல் வாங்குவதைவிட, பதிவேட்டில் நிற்கும் கேள்விகளைப் போட்டுவைப்பதே பிரயோஜனமுள்ள காரியம்.

அதற்கு, வண்ணப் படங்கள் நிறைந்த கொள்கை விளக்கக் குறிப்பைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கோரிக்கையின் விவரப் புத்தகத்தை எடு. 3435 என்ற தலைப்பில் சூழலியலும் சுற்றுச்சூழலும், 2406-இல் வனவியலும் இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே, முடிந்த ஆண்டின் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று பத்திகள் ஓடும். தொகைகள் ஆயிரம் ரூபாயில் அச்சிடப்பட்டிருப்பதால், ஒற்றை '1' மட்டும் நிற்கக் கண்டால் அது ஆயிரம் ரூபாய் அடையாள ஒதுக்கீடு என்று தெரிந்துகொள். திட்டம் பெயரளவில் பிறந்திருக்கிறது, சோறு இன்னும் போடவில்லை. மூன்று வருஷத்துப் புத்தகங்களை மேஜைமீது பரப்பி, அறிவித்தபோது எழுதிய தொகை, ஆண்டு நடுவே குறைந்த தொகை, கடைசியில் கணக்கில் ஏறிய தொகை ஆகியவற்றை ஒரே வரிக்காகத் தொடர்ந்து பார்த்தாயானால், மந்திரியும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து சொல்லாத கதையை அது சொல்லும்.

ஆனால் கணக்கில் ஏறிவிட்டதே என்று திருப்தியடைந்துவிடாதே. பசுமைத் தமிழகம், காலநிலை மாற்றம், ஈரநிலம் ஆகிய இயக்கங்களை நடத்துவதற்கென்று தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் என்ற அரசுக் கம்பெனி ஒன்று நிறுவப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஸ்தாபனங்களுக்கு உதவி மானியமாகப் பணம் கைமாறிய அன்றே சர்க்கார் புத்தகத்தில் அது செலவாகிவிடும். ஒரு மரக்கன்றாவது நடப்பட்டதா என்பதைப் பயன்பாட்டுச் சான்றிதழிலும் கம்பெனியின் ஆண்டறிக்கையிலுந்தான் தேடவேண்டும். அரசுக் கம்பெனியின் ஆண்டறிக்கையும் தணிக்கைக் குறிப்பும் சபையில் வைக்கப்படவேண்டுமென்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் கூறுகிறது. டில்லியில் நடந்ததை அறிந்தால் என் சந்தேகம் அதீதமென்று சொல்லமாட்டாய்: சுத்த எரிசக்திக்கென்று 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016-இல் 400 ரூபாய் வரை உயர்ந்த மேல்வரி, சுமார் 86,000 கோடி ரூபாய் ஈட்டியபோதிலும், அதற்குரிய நிதிக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 29,000 கோடி, திட்டங்களுக்குக் கிடைத்தது 16,000 கோடிக்கும் குறைவு, 2017-இல் அந்த வரியே ஜி.எஸ்.டி. இழப்பீட்டில் கரைந்துபோயிற்று.

இனி நம் பட்டாசு ஊர் விஷயம். சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்ததே, அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் செலவு எந்தக் கோரிக்கையில் இருக்கிறது என்று எப்போதாவது யோசித்தாயா? நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ் என்று நம்மவர்கள் சொல்லும் உரிமங்கள் மத்திய சர்க்காரின் வெடிபொருள் பாதுகாப்பு ஸ்தாபனத்தைச் சேர்ந்தவை, மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் வருவாய்த் துறையைச் சேர்ந்தது; செட்டுக்குள் மருந்து செலுத்தும் பெண்ணின் உயிர்ப் பாதுகாப்பு தொழிலாளர் நலத்துறையின் கோரிக்கையில் அடங்கும்; காற்றும் தண்ணீரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அந்தப் பட்டாசு ஆலை வெடிவிபத்துக்குப் பிறகும் இந்த நான்கு கணக்குகளைச் சேர்த்து ஒரே காகிதத்தில் எழுதிப் பார்ப்பவர் அரிதாகவே இருக்கிறார்கள்; நீ எழுதிப் பார். வாரியமோ பெரும்பாலும் ஆலைகள் கட்டும் இசைவாணைக் கட்டணத்தைக் கொண்டே நடப்பதால், மானியக் கோரிக்கையில் அதன் செலவு அகப்படாது. எனினும் அதன் ஆண்டறிக்கை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் சட்டசபையில் வைக்கப்படவேண்டுமென்று 1974-ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்று சபை நூலகத்தில் பார்த்துக் குறித்துக்கொள்.

தேதியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேனென்றால், சென்னை 2015 டிசம்பரில் மூழ்கியதைப் பற்றிய தணிக்கை அறிக்கை 2018 ஜூலையில்தான் சபைக்கு வந்தது. அறிக்கையை இத்தனை நாளுக்குள் வைக்கவேண்டுமென்று சாசனத்தின் 151-ஆம் பிரிவு கெடு எதுவும் விதிக்கவில்லை. வந்தபிறகும் பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து விசாரிக்கக் காலம் பிடிக்கும்.

ஆதலால் இந்தத் தடவை உன் அங்கத்தினர் பேச்சில் மூன்று கேள்விகள் இருந்தால் போதும்: வாரியத்தின் ஆண்டறிக்கை எப்போது வரும், காலநிலை நிறுவனத்துக்குத் தந்த மானியத்தில் எவ்வளவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் வந்திருக்கிறது, பட்டாசில் பேரியம் இருக்கிறதா என்று சோதிப்பதற்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவு. மந்திரி எழுந்து 'பரிசீலிக்கப்படும்' என்றோ 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்றோ சொல்லுவார். சொல்லட்டும், சபையில் சொன்ன வாக்கைத் தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. நடவடிக்கைக் குறிப்பு அச்சாகி வந்ததும் அந்தப் பதிலைப் பிரதியெடுத்து, உன் அங்கத்தினரின் கையெழுத்தோடு அந்தக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, எனக்கும் ஒன்று தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் மாமா