ஃபோமை இரும்பாக்குவது வெளிச்சம்தான்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடினவங்களுக்கு லிச் கிங்கைத் தெரியும். 2008-ல் வந்த விரிவாக்கத்தின் வில்லன். மண்டை ஓடு பதித்த தோள்கவசம், முட்கள் எழும்பிய ஹெல்மெட், நீலமாக எரியும் கண்கள். இந்த காஸ்ப்ளேவை நிஜ இரும்பில் செய்தால் நடக்கவே முடியாது. ஈ.வி.ஏ. ஃபோம்தான் வழி: மார்புக்கு 10 மி.மீ., வேலைப்பாட்டுக்கு 2 மி.மீ.

வெட்டினதும் ஹீட் கன் காட்டுங்க. நுண்துளைகள் மூடி, மேற்பரப்பு லேசாப் பளபளக்கும். இதை விட்டா பெயின்ட்டை ஃபோம் குடிச்சிடும். ஒட்டுறதுக்கு ரப்பர் சொல்யூஷன். ரெண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்க்கணும். அதோட ஆவி தலைசுத்த வைக்கும். ஹாஸ்டல் ரூமைச் சாத்திக்கிட்டு செய்யாதீங்க, மொட்டைமாடிக்குப் போங்க. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

முழுக்க சில்வர் அடிச்சா பாத்திரக்கடைதான். முதலில் மேட் கறுப்பு. அப்புறம் பிரஷ்ஷில் சில்வரைத் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைச்சிட்டு, விளிம்புகளில் மட்டும் உரசுங்க.

இனி போட்டோ. ஃப்ளாஷ் நேரா விழுந்தா மேடும் பள்ளமும் ஒண்ணாயிடும். ஒரு மாச உழைப்பு வெறும் அட்டையாத் தெரியும். லைட்டைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால வைங்க. கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கினா உருவம் ஓங்கி நிற்கும். கண்ணில் வெச்ச எல்.இ.டி. மங்கலா இருந்தா, ரூம் லைட்டை அணைச்சிட்டு ஷட்டரை 1/200-லிருந்து 1/60-க்கு இறக்குங்க. ஃப்ளாஷ் வெளிச்சம் மாறாது, கண் மட்டும் மூணு மடங்குக்கு மேல பிரகாசிக்கும்.

ஹெல்மெட்டைக் கடைசியா மாட்டுங்க. ஃபோம் காத்தையே விடாது. லைட் செட் பண்ற அரைமணி நேரம் உள்ளே இருக்கிறவர் வேகக் கூடாது.