ஒரே குகையில் வாழும் கோலார் வௌவால்

கோலார் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது தங்கம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்ற கோலார் தங்க வயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதே கோலார் மாவட்டத்தின் பாறைக் குகை ஒன்றில், உலகில் வேறெங்கும் காணப்படாத ஓர் உயிரினம் வாழ்ந்து வருகிறது. அதுவே கோலார் இலைமூக்கு வௌவால்.

இச்சிற்றினத்தை 1994-இல் காக், பட் என்னும் அறிஞர்கள் இருவர் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினர். இதன் மூக்கைச் சுற்றி இலை போன்ற தோல் மடிப்பு உண்டு. மூக்கின் வழியே எழுப்பும் மீயொலி பூச்சிகளின் மீது பட்டுத் திரும்ப, அவ்வெதிரொலியைக் கொண்டே இது இருளில் இரை தேடுகிறது. இரவில் பறக்கும் பூச்சிகளை உண்பதால் உழவர்க்கு இது நண்பனே. பழமரங்களை நாடும் வௌவால்கள் வேறு வகையின.

அருகி வருவது ஏன்?

முன்னர் ஹனுமனஹள்ளி, தேரஹள்ளி ஆகிய இரு ஊர்களில் இவ்வினம் வாழ்ந்தது. தேரஹள்ளியில் இப்போது இல்லை. ஹனுமனஹள்ளியின் ஒரே குகையில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ இருநூறுக்கும் குறைவே.

கருங்கல் வெட்டியெடுத்தலே இதற்கு நேர்ந்த பெரும் அச்சுறுத்தல். வெடிவைக்கும் அதிர்வு உறங்கும் வௌவால்களைக் கலைக்கும். பாறை பிளந்தால் குகையின் சீரான வெப்பமும் ஈரமும் கெடும். இவ்வகை வௌவால்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனுவதால், குறைந்த எண்ணிக்கை விரைவில் ஈடாகாது.

காக்கும் முயற்சி

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிகவும் அருகிய இனமாகப் பட்டியலிட்டுள்ளது. குகையைச் சுற்றியுள்ள சுமார் 30 ஏக்கர் நிலம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டுள்ளது. கர்நாடக வனத்துறையுடன் இந்திய வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளையும் இப்பணியில் இணைந்துள்ளது.

நம் பங்கும் உண்டு. குகைகளுக்குள் நெருப்பு மூட்டுதல், விளக்கொளி பாய்ச்சுதல், கூச்சலிடுதல் ஆகியவற்றைத் தவிர்ப்போம். வௌவால் தீய சகுனம் என்னும் அச்சத்தைப் பிள்ளைகளிடமிருந்து அகற்றுவோம். வெட்டிய கல்லுக்கு மாற்றுக் கல் வேறு மலையில் கிடைக்கும். இந்த வௌவாலுக்கோ மாற்றுக் குகை இல்லை.