மூட்டைத் தூசியும் கண்ணும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று நம் கொங்கு வட்டாரத்தில் ஓய்வதில்லை. கடை வாசலில் புழுதி பறக்கும். மண்டியில் மூட்டையைப் பிரித்தால் உமியும் தவிடும் சணல் நாரும் முகத்தில் அடிக்கும். கண்ணில் ஏதேனும் விழுந்தால் கசக்கிவிட்டு வியாபாரத்தைக் கவனிப்பதே நம் வழக்கம். அந்த வழக்கம் பார்வையையே பறித்துவிடக் கூடும்.

கண்ணின் முன்புறம் கண்ணாடி போல் அமைந்திருப்பது கருவிழி. அதன் மேல்தோல் மிக மெல்லியது. ஓர் உமி முனை பட்டாலே கீறல் விழும். தூசியிலும் தானியத்திலும் ஒட்டியிருக்கும் பூஞ்சைக் காளான் அந்தக் கீறல் வழியே புகுந்து புண்ணாக்கிவிடும். ஈரம் பட்ட நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் நாம் காணும் பூசணம் இருக்கிறதே, அந்த ஆஸ்பர்ஜில்லஸ் இனமும் இந்தப் புண்ணுக்கு ஒரு முக்கியக் காரணம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சையே.

இது தடுக்கக் கூடிய நோய். நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு 2001இல் வெளியானது. கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் தக்க களிம்பு இடப்பட்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. தூசி விழுந்தால் கசக்காதீர்கள். சுத்தமான குடிநீரில் கண்ணைத் திறந்து மூடிக் கழுவுங்கள்.

2. துணி முனையாலோ நாக்காலோ எடுக்க முயலக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும் தவறு.

3. மருந்துக் கடையில் நாமே கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிப் போடக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிவப்பைக் குறைத்துக் காட்டும். உள்ளே காளானோ பெருகும்.

4. உறுத்தல் நீங்காவிட்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். சில நாள் கழித்துச் சிவப்போ கூச்சமோ கருவிழியில் வெண்புள்ளியோ தோன்றினாலும் தாமதிக்க வேண்டாம். கோவையில் அரவிந்த், சங்கரா ஆகிய கண் மருத்துவமனைகள் உள்ளன.

5. மூட்டை பிரிக்கும்போதும், மிளகாய் வற்றல் கொட்டும்போதும், சாக்கு உதறும்போதும் பக்கங்கள் மூடிய கண்ணாடி அணிய வேண்டும்.

சுமை தூக்கும் தொழிலாளர்களுக்குக் கண்ணாடி வாங்கித் தருவது கடை உரிமையாளரின் கடமை. கண் உறுத்துகிறது என்று ஒருவர் சொன்னால், லோடு இறக்கி முடியட்டும் என்று நிறுத்தி வைக்காமல் உடனே அனுப்பி வையுங்கள். ஒரு சிப்பம் வீணானால் அடுத்த லோடில் ஈடுகட்டலாம். அவர் பார்வை போனால் அவர் குடும்பத்தின் பிழைப்பே போய்விடும்.