காரணம் அறிந்து கை வைத்தல்

அன்புள்ள தம்பிக்கு,

புதிய கருவி எதுவாயினும் அதன் உள்ளமைப்பை அறியத் துடிக்கும் ஆர்வமும், கணினி நின்றுபோனால் அக்கம்பக்கத்தார் முதலில் தேடிவரும் நற்பெயரும் இளம் வயதிலேயே வாய்ப்பது பெருமைக்குரியது. ஆனால், 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில், பட்டறைக் கணக்குகளைத் தாங்கும் பழைய கணினியும் பள்ளிப் பிள்ளையின் மடிக்கணினியும் ஒருவரையே நம்பி வரும்போது, ஆர்வம் மட்டும் போதாது. காரணம் தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது என்னும் ஒழுக்கமும் அதனுடன் சேர வேண்டும்.

கணினி தொடங்கவில்லை என்றதும் ஃபார்மட் போடுவது, அதாவது வட்டிலுள்ள அனைத்தையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது, பலருக்கும் கைவந்த வழியாக உள்ளது. குறை ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தின் தளர்ந்த பொருத்தத்திலோ மின்வழங்கியிலோ இருக்குமானால், அவ்வழி குறையைத் தீர்க்காமல் கோப்புகளை மட்டும் போக்கிவிடும். பழைய சுழல்வட்டில் அழிந்த கோப்பை மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு, எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டிலோ, அழிக்கப்பட்ட இடங்களை வட்டே முன்கூட்டித் துடைத்து வைப்பதால், அந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. எனவே திரையில் தோன்றும் பிழைச்செய்தியை முழுவதும் படித்து, கடைசியாக என்ன மாறியது என்று கேட்டறிந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்து வைப்பதே முறையாகும்.

பழைய அச்சகங்களிலிருந்து வரும் தமிழ்க் கோப்புகள் இதற்குத் தக்க சான்று. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் வழங்கும் ஒருங்குறி பரவுவதற்கு முன், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீதே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று கருதி அதை நீக்குவது எளிது. உண்மையில் அதில் ஓர் எழுத்தும் தொலையவில்லை. உரிய எழுத்துருவை நிறுவினாலோ ஒருங்குறிக்கு மாற்றினாலோ முழு உரையும் மீண்டுவிடும். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் தரப்படுத்த முற்பட்டதையும், 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றதையும் அறிந்தவர், இது பழைய குறியேற்றத்தில் உள்ள கோப்பாக இருக்கலாம் என்று உணர்ந்து, அதை அழிக்கத் துணியமாட்டார்.

மாற்றுவதற்கு முன் நகல் எடுப்பது அடுத்த கடமை. முக்கியமான கோப்புக்கு மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை எண்ணினால், வேறிடம் என்னும் நிபந்தனையின் தேவை விளங்கும். கணினியின் அருகிலேயே வைக்கப்பட்ட நகல், கணினியோடு சேர்ந்தே நனையும். நனைந்த கருவிக்கு மின்சாரம் கொடுத்துச் சோதிப்பது குறுக்குச்சுற்றை உண்டாக்கும் என்பதையும் உரியவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

புதுப்பிப்புகளைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். 2017 மே 12 அன்று உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்னும் தீநிரல் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்களே சிக்கினர். மாறாக, 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் கணினிகளை முடக்கியதால், இந்திய விமான நிலையங்களில் விமானமேறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித் தர நேர்ந்தது. ஆகவே புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவதும் தவறு. பட்டறையின் எல்லாக் கணினிகளிலும் சோதிக்காமல் ஒரே வேளையில் ஏற்றுவதும் தவறு. முதலில் ஒரு கணினியில் நிறுவி, அது ஒழுங்காக இயங்கக் கண்டபின் மற்றவற்றுக்குச் செல்வதே தக்க வழி.

இறுதியாக, பழுதுபார்க்க வந்த கணினியிலுள்ள படங்களும் கடவுச்சொற்களும் கணக்குகளும் பிறருடைய வாழ்க்கை. வேலைக்குத் தேவையற்ற எந்தக் கோப்பையும் திறக்காதிருப்பதும், புரியாத பழுதைப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு தக்கவரிடம் அனுப்புவதும் திறமைக் குறைவு ஆகா. தம்பி இந்த ஒழுக்கத்தை இன்றே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கணினியைத் திறக்கும் முன் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, பழுதின் அறிகுறியை முதல் வரியில் எழுதுவதிலிருந்து அது தொடங்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்